சோமனூர் தறியில் ரத்தக்குழாய் நெய்ய முடியுமா? துணியில் தட்டணுக்கள் ஒட்டுவதன் பின்னணி

2025 மார்ச்சில் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறியாளர்கள் தறிகளை நிறுத்தினார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தறிகள் ஓடவில்லை. ஏப்ரலில் நடந்த பேச்சுவார்த்தையில் சோமனூர் ரகத்துக்கு 15 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 10 சதவீதம் கூலி உயர்வு என்று முடிவாகி, தறிச் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது.

இப்படி தறி நிற்கும்போதெல்லாம் ஒரு யோசனையும் கூடவே வரும். "எத்தனை நாளைக்குத்தான் காடாவையே ஓட்டிட்டு இருப்பீங்க? மெடிக்கல் துணிக்கு மாறுங்க."

யோசனை ஒன்றும் தப்பில்லை. தொழில்நுட்ப ஜவுளிக்காக மத்திய அரசு 2020ல் 1,480 கோடி ரூபாயில் தேசிய திட்டம் ஒன்றையே அறிவித்தது. மருத்துவ ஜவுளியும் அதில் ஒரு பிரிவு. ஆனால் 'மருத்துவத் துணி' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு உலகங்கள் இருக்கின்றன. ஒன்று, ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் பல ஆண்டுகளாக நெய்யும் கட்டுத்துணி, பேண்டேஜ். இன்னொன்று, மனித உடலுக்குள் தைத்து, ரத்தம் ஓடும் பாதையிலேயே ஆயுள் முழுக்க இருக்கப்போகும் துணிக் குழாய்.

இரண்டுமே நூல்தான், நெசவுதான். ஆனால் முதலாவதில் ரத்தம் உறைந்தால் நல்லது. இரண்டாவதில் தேவையில்லாத இடத்தில் உறைந்தால் உயிருக்கே ஆபத்து. ரத்தம் எங்கே உறைய ஆரம்பிக்கும் என்பதில் பெரிய பங்கு தட்டணுக்களுடையது. டெங்கு சீசனில் 'பிளேட்லெட் எவ்வளவு?' என்று எல்லோரும் விசாரிப்பார்களே, அதேதான்.

துணியில் ரத்தக்குழாயா?

ஆமாம், எழுபது வருடப் பழைய விஷயம். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி சில பேருக்கு பலூன் மாதிரி வீங்கிவிடும். வெடித்தால் பிழைப்பது கஷ்டம். வீங்கிய பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பாலியஸ்டர் துணிக் குழாயைத் தைப்பார்கள். மருத்துவர்கள் இதை 'டேக்ரான் கிராஃப்ட்' என்பார்கள். டேக்ரான் என்பது பாலியஸ்டரின் ஒரு வணிகப் பெயர், அவ்வளவுதான்.

இதன் தொடக்கம் நியூயார்க்கில். ஆர்தர் வூர்ஹீஸ் என்ற இளம் அறுவை மருத்துவர் 1947ல் ஒரு விஷயத்தைக் கவனித்தார். நாயின் இதயத்துக்குள் விட்டுப்போன ஒரு பட்டு நூலின் மேல், சில மாதங்களில் பளபளப்பான மெல்லிய படலம் வளர்ந்திருந்தது. ஒரு நூலை உடல் இப்படி மூடிக்கொள்கிறது என்றால், துணிக் குழாயையும் மூடிக்கொள்ளுமே என்று யோசித்தார். பாராசூட் செய்யப் பயன்பட்ட செயற்கை இழைத் துணியில் குழாய் தைத்து நாய்களுக்குப் பொருத்தினார். முடிவுகள் 1952ல் வெளியாகின.

ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி இன்னும் ஒரு படி மேலே போனார். நைலான் துணி வாங்கக் கடைக்குப் போனவருக்கு, நைலான் தீர்ந்துபோச்சு, டேக்ரான்தான் இருக்கு என்று பதில் வந்தது. அதை வாங்கி வந்து, மனைவியின் தையல் இயந்திரத்தில் அவரே குழாயாகத் தைத்தார். இருந்த சரக்கு வேறாக இருந்திருந்தால் இந்தக் கதையும் வேறாக இருந்திருக்கும். நைலான் உடலுக்குள் நாளாக நாளாக வலுவிழக்கும், பாலியஸ்டர் தாங்கும் என்பது பிறகுதான் தெளிவானது. அதே டிபேக்கிக்கு 2005 டிசம்பரில், 97 வயதில் பெருந்தமனி கிழிந்தது. டேக்ரான் குழாய் வைத்துத்தான் அவரைக் காப்பாற்றினார்கள். அதன் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார்.

தட்டணு எதைப் பார்த்து ஒட்டுகிறது?

தட்டணு என்பது முழு செல் கூட இல்லை. எலும்பு மஜ்ஜையில் உள்ள பெரிய செல்லிலிருந்து உதிரும் துணுக்கு. உட்கரு கிடையாது. குறுக்களவு 2 முதல் 3 மைக்ரான், அதாவது ஒரு பஞ்சு இழையின் தடிமனில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும். ஆயுள் 7 முதல் 10 நாள்.

பொதுவாக நாம் நினைப்பது: காயம் பட்டால் தட்டணு ஓடிவந்து அடைக்கிறது. உண்மையில் தட்டணுவுக்குக் காயம் எது, துணி எது, உலோகம் எது என்று தெரியாது. அது பார்ப்பது அந்தப் பரப்பின் மேல் படிந்திருக்கும் புரதத்தை மட்டும்தான்.

சோமனூர்க்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பாவு நூல் அப்படியே தறிக்கு ஏறுவதில்லை. சைசிங்கில் கஞ்சி குடித்துவிட்டுத்தான் ஏறுகிறது. விழுதும் பண்ணையும் உரசுவது நூலை அல்ல, நூலின் மேல் இருக்கும் கஞ்சிப் பூச்சை. ரத்தமும் அதையே செய்கிறது. எந்த அந்நியப் பொருள் உள்ளே வந்தாலும், விநாடிக் கணக்கில் ரத்தத்தில் உள்ள புரதங்கள் அதன் மேல் படிந்து ஒரு பூச்சு போட்டுவிடும். தட்டணு வந்து சேரும்போது பாலியஸ்டர் கண்ணில் படாது, இந்தப் பூச்சுதான் படும்.

பூச்சில் எந்தப் புரதம் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆல்புமின் படிந்திருந்தால் தட்டணுக்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் போய்விடும். ஃபைப்ரினோஜன் படிந்திருந்தால் பிடித்துக்கொள்ளும். இதில் ஒரு விநோதம், இதே ஃபைப்ரினோஜன் ரத்தத்தில் எப்போதும் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. அமைதியாக இருக்கும் தட்டணு அதைத் தொடுவதில்லை. ஏதாவது ஒரு பரப்பில் படிந்ததும் அதன் வடிவம் கொஞ்சம் விரிந்து மாறுகிறது. அதுவரை மறைந்திருந்த பகுதி வெளியே தெரிகிறது. தட்டணுவின் மேலுள்ள கொக்கி அதில் மாட்டிக்கொள்கிறது.

பூச்சும் நிலையாக இருப்பதில்லை. எண்ணிக்கையில் அதிகமான, சின்ன புரதங்கள் முதலில் வந்து உட்காரும். பிறகு, பரப்போடு அதிக ஒட்டுதல் உள்ள பெரிய புரதங்கள் அவற்றைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கும். நெரிசலான டவுன் பஸ்ஸில் சீட் மாறுவது மாதிரி. இதைக் கண்டறிந்தவர் லியோ வ்ரோமன். நெதர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்தவர். சொந்த நாட்டில் அவரை விஞ்ஞானியாக அல்ல, கவிஞராகத்தான் அதிகம் பேருக்குத் தெரியும்.

ரத்தம் வேகமாக ஓடும் தமனியில் இன்னொரு சிக்கல். அந்த வேகத்தில் ஃபைப்ரினோஜனைப் பிடிக்கத் தட்டணுவுக்கு நேரம் போதாது. அங்கே வான் வில்பிராண்ட் காரணி என்ற நீளமான புரதம் உதவிக்கு வரும். சுருண்டு கிடக்கும் இது, பாய்ச்சலின் இழுப்பில் கயிறு மாதிரி நீண்டு, ஓடும் தட்டணுவைத் தொட்டு வேகத்தைக் குறைக்கும். தட்டணு உருண்டு உருண்டு வந்து, கடைசியில் கெட்டியாக ஒட்டும். ஒட்டியதும் தட்டையான வடிவம் மாறி, கை கால் முளைத்தது போல் பரவும். ஏடிபி, த்ராம்பாக்சேன் என்ற ரசாயனங்களை வெளியே விட்டு மற்ற தட்டணுக்களையும் கூப்பிடும். ஒன்று பத்தாகி, பத்து ஆயிரமாகும்.

அப்படின்னா நம் சொந்த ரத்தக்குழாயில் ஏன் ஒட்டுவதில்லை? அதன் உள்சுவர் உயிருள்ளது. அந்தச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு, புரோஸ்டாசைக்ளின் போன்றவற்றை இடைவிடாமல் சுரந்து தட்டணுக்களை அமைதியாக வைத்திருக்கின்றன. துணிக்கு அந்த வேலை தெரியாது. வூர்ஹீஸ் பார்த்த அந்தப் பளபளப்பான படலத்திலும் ஒரு ஏமாற்றம் இருக்கிறது. நாய்க்கு அது துணிக்குழாய் முழுக்க வளரும். மனிதருக்கு இரண்டு தையல் முனைகளிலிருந்தும் ஓரிரு சென்டிமீட்டர்தான் வளரும். நடுவில் உள்ள துணி வருடக்கணக்கில் வெறும் புரதப் பூச்சோடுதான் இருக்கும்.

நெசவா? பனியனா?

சோமனூரில் பாவும் ஊடையும் கோத்த நெசவுத் துணி. கொஞ்சம் தள்ளி திருப்பூரில் நூலை வளையம் வளையமாகக் கோத்த பின்னல் துணி, அதாவது பனியன் துணி. அறுவை சிகிச்சை அரங்கிலும் இதே இரண்டு கட்சிகள்தான்.

நெசவுக் குழாய் நெருக்கமானது. ரத்தம் அதிகம் கசியாது. அழுத்தம் மிகுந்த மார்புப் பகுதிப் பெருந்தமனிக்கு ஏற்றது. ஆனால் விறைப்பானது, ஊசி இறங்குவது கஷ்டம், வெட்டிய ஓரம் பிரியும். பின்னல் குழாய் மென்மையானது, தைக்கச் சுலபம், ஓரம் அவ்வளவாகப் பிரியாது. ஆனால் வளையங்களுக்கு நடுவே ஓட்டை. அப்படியே வைத்தால் ரத்தம் சல்லடையில் ஊற்றிய மாதிரி கசியும். நாள்பட்டால் கொஞ்சம் விரிந்தும் கொடுக்கும். பனியன் போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கசிவுக்கு மருத்துவர்கள் கண்டுபிடித்த வழிதான் சுவாரசியம். நோயாளியின் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, அதில் துணிக்குழாயை ஊறவைத்து, ஓட்டைகளில் ரத்தம் உறையும் வரை காத்திருந்து, பிறகு பொருத்துவார்கள். எந்த உறைதலைப் பார்த்துப் பயப்படுகிறோமோ, அதையே அளவாகப் பயன்படுத்தித் துணியை அடைத்தார்கள். பின்னாளில் கொலாஜன், ஜெலட்டின் பூசிய குழாய்கள் வந்ததும் இந்த வேலை குறைந்துபோனது.

பெருந்தமனியின் குறுக்களவு 2 சென்டிமீட்டருக்கும் மேல். ரத்தம் வேகமாக, ஏராளமாக ஓடுகிறது. உள்ளே ஒரு மெல்லிய படலம் படிந்தாலும் வழி அடைபடாது. ஆனால் இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனியின் குறுக்களவு 3 மில்லிமீட்டர் அளவுதான். அதே படலம் அங்கே படிந்தால் கதை முடிந்தது. பொதுவாக 6 மில்லிமீட்டருக்குக் குறைவான செயற்கைக் குழாய்கள் சீக்கிரம் அடைத்துக்கொள்கின்றன. பாலியஸ்டரும் தோற்றது, டெஃப்லான் வகைக் குழாயும் தோற்றது. அதனால்தான் இன்றைக்கும் பைபாஸ் அறுவை சிகிச்சைக்கு நோயாளியின் காலிலிருந்து சிரையையும், மார்புச் சுவரிலிருந்து தமனியையும் எடுக்கிறார்கள். 'காலில் எதற்கு இவ்வளவு நீளத் தழும்பு?' என்று பைபாஸ் முடிந்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் கேட்பதுண்டு. பதில் இதுதான்: தட்டணுவை ஏமாற்றும் மெல்லிய குழாயை யாராலும் இன்னும் திருப்தியாகச் செய்ய முடியவில்லை.

ஒட்டணும், ஒட்டவும் கூடாது

இந்தியாவில் இந்தச் சவாலை நேருக்கு நேர் சந்தித்த இடம் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம். டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் அங்கே உள்நாட்டு இதய வால்வு உருவானது. மூன்று வடிவமைப்புகள் தோற்றன. ஒன்றில் உலோகத் தாங்கி உடைந்தது, நீலமணிப் படிகத்தில் செய்த வட்டும் சரிப்படவில்லை. நான்காவதில் கோபால்ட் குரோமியம் கலந்த உலோகக் கூடு, தேயாத வகைப் பாலிஎதிலீன் வட்டு என்று முடிவானது. 1990 டிசம்பர் 6ஆம் தேதி முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். டிடிகே நிறுவனம் தயாரிக்கும் இந்த 'டிடிகே சித்ரா' வால்வு இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது. வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார்.

இந்த வால்விலும் துணி இருக்கிறது. உலோகக் கூட்டைச் சுற்றி ஒரு பாலியஸ்டர் வளையம். அதில் ஊசி போட்டுத்தான் இதயத்தோடு தைக்கிறார்கள். ஒரே கருவியில் இரண்டு எதிரெதிர் தேவைகள் எப்படி என்று இங்கே தெளிவாகப் பார்க்கலாம். துணி வளையத்தில் தட்டணு ஒட்டணும், ரத்தம் உறையணும், அதன் மேல் திசு வளர்ந்து வால்வு இதயத்தோடு ஒன்றாகணும். அரை அங்குலம் தள்ளி இருக்கும் வட்டில் எதுவுமே ஒட்டக் கூடாது. ஒட்டினால் வட்டு திறந்து மூடாது. இல்லாவிட்டால் கட்டி பெயர்ந்து மூளைக்குப் போய் பக்கவாதம் வரும். அதனால்தான் துணிக்குச் சொரசொரப்பு, வட்டுக்கு வழவழப்பு.

ஸ்டென்ட் வைத்தவர்கள் கவனிக்க வேண்டியது

எவ்வளவு வழவழப்பாகச் செய்தாலும் ஒட்டுவதை முழுசாகத் தடுக்க முடியாது. மீதி வேலையை மாத்திரைதான் செய்கிறது. எந்த மாத்திரை என்பது ரத்தம் அந்த இடத்தில் எப்படி ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. உலோக வால்வின் மூலையில் ரத்தம் தேங்கும். அங்கே ஃபைப்ரின் வலைதான் முக்கிய வில்லன். அதனால் வார்ஃபரின் வகை மருந்தும், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையும் ஆயுள் முழுக்கத் தேவை. ஸ்டென்ட் இருக்கும் தமனியில் பாய்ச்சல் வேகம். அங்கே வில்லன் தட்டணு. அதனால் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெல் வகை மருந்தும். ஆஸ்பிரின் த்ராம்பாக்சேனைத் தடுக்கிறது. குளோபிடோக்ரெல் ஏடிபியின் அழைப்பைத் தட்டணுவின் காதில் விழாமல் செய்கிறது. உட்கரு இல்லாததால், ஒருமுறை ஆஸ்பிரின் பட்ட தட்டணு தன் ஆயுள் முழுக்க அப்படியே இருக்கும்.

2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு போட்டது. சாதாரண உலோக ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய், வரி தனி. அதன் பிறகு விலையைப் பற்றிய பேச்சு குறைந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு 'உடம்பு நல்லாத்தானே இருக்கு' என்று மாத்திரையை நிறுத்துவது பற்றிப் போதிய அளவு பேசவில்லை. மருந்து பூசிய ஸ்டென்டில் சுற்றியுள்ள செல் வளர்ச்சியை அந்த மருந்தே தாமதப்படுத்தும். அடைப்பு திரும்ப வராமல் இருக்கத்தான் அது. ஆனால் அதுவரை உலோகம் ரத்தத்துக்குத் திறந்தே கிடக்கும். அந்த நேரத்தில் மாத்திரை நின்றால், ஸ்டென்டுக்குள்ளேயே திடீரென ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். இரண்டு மாத்திரைகளும் பொதுவாக 6 முதல் 12 மாதம், பிறகு ஒன்று மட்டும் தொடரும். உங்களுக்கு எவ்வளவு காலம் என்பதை இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பல் பிடுங்கப் போகும்போது, 'ஸ்டென்ட் இருக்கு' என்று சொல்லாமல் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டுப் போவதுதான் பெரிய ஆபத்து.

டெங்கு வந்தால்? இது உண்மையிலேயே சிக்கலான கேள்வி. டெங்குவில் தட்டணுக்கள் குறையும், அதனால் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வேண்டாம் என்பார்கள். ஆனால் புதிதாக ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினை நிறுத்துவதும் ஆபத்து. எந்தப் பக்கம் போவது என்பதை ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய முடியும். வீட்டில் உட்கார்ந்து முடிவெடுக்கிற விஷயமில்லை இது. காய்ச்சல் வந்த அன்றே 'எனக்கு ஸ்டென்ட் இருக்கு' என்று சொல்லிவிடுங்கள்.

தமிழ்நாடு அரசு 2023ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டமும் தட்டணுக் கணக்குதான். நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே 14 மாத்திரைகளை ஒரே வேளையில் கொடுக்கிறார்கள். அதில் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தட்டணுவுக்கு, மூன்றாவதான அட்டோர்வாஸ்டாட்டின் கொழுப்புக்கு.

சரி, சோமனூரால் முடியுமா?

நெசவை மட்டும் வைத்துப் பார்த்தால், முடியும் என்றுதான் சொல்ல வேண்டும். தையலே இல்லாத குழாயைத் தறியில் நெய்யும் முறை பழையது. பாவை மேலே ஒரு அடுக்கு, கீழே ஒரு அடுக்கு என்று பிரிப்பார்கள். நாடா மேலடுக்கில் போய், கீழடுக்கில் திரும்பும். ஊடை அறுபடாமல் சுற்றிச் சுற்றி வருவதால் இரண்டு ஓரமும் தானாக இணையும். தறியிலிருந்து தட்டையாக இறங்கும் துணியை ஒரு கம்பியில் ஏற்றிச் சூடு கொடுத்தால் உருண்டைக் குழாய். மடக்கினால் நசுங்காமல் இருக்க விசிறி மடிப்பும் போடுவார்கள்.

இதற்கு ஊடை அறுபடாமல் திரும்ப வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஊடையை வெட்டிவிடும் நவீன நாடா இல்லாத் தறியில் இது நேரடியாக வராது. பழைய பாணி நாடா தறிதான் இதற்குப் பொருத்தம். கட்டுப்படியாகவில்லை என்று இரும்பு விலைக்குப் போகிறதே, அதே குடும்பத்துத் தறி. அகலம் குறைந்த, மெல்லிய பாலியஸ்டர் இழையைத் தாங்கும் தறியாக அது மாற வேண்டும் என்பது வேறு விஷயம்.

தடை தறியில் இல்லை, தறிக்குப் பிறகு இருக்கிறது. பாவுக்குப் போட்ட கஞ்சியும் இழை ஆலையில் பூசிய எண்ணெயும் துளி கூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் அதன் மேல் படியும் புரதப் பூச்சு மாறும், தட்டணு நடந்துகொள்ளும் விதமும் மாறும். பஞ்சு பறக்கும் தறிக்குடோனில் இந்த வேலை நடக்காது. தூசி வடிகட்டிய அறை வேண்டும். ரத்தத்தோடு சேரும் பொருளுக்கு ஐஎஸ்ஓ 10993 தரநிலையின் நான்காம் பகுதிப்படி தனிப் பரிசோதனைகள் உண்டு. எத்தனை தட்டணு ஒட்டியது, எவ்வளவு நேரத்தில் உறைந்தது, சிவப்பணு உடைந்ததா என்றெல்லாம் பார்ப்பார்கள். அதன் பிறகு விலங்குச் சோதனை, மனிதச் சோதனை. மருத்துவக் கருவிகள் விதிகள் 2017ன் கீழ் ஆபத்தைப் பொறுத்து ஏ முதல் டி வரை நான்கு பிரிவுகள். இதய வால்வு இருப்பது ஆபத்து அதிகமான 'டி' பிரிவில். அந்தப் படியில் இருக்கும் பொருளுக்கு உரிமம் மாநிலத்தில் கிடைக்காது, மத்திய அமைப்பிடம்தான் வாங்க வேண்டும். நான்கு தறி வைத்துக் கூலிக்கு ஓட்டும் குடும்பத்தால் இந்தச் செலவில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தாங்க முடியாது.

ஆக, 'மெடிக்கலுக்கு மாறுங்க' என்று சொல்பவர்கள் எந்த மெடிக்கல் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காயத்துக்குக் கட்டும் துணி, அறுவை அரங்க உறை போன்றவை தோலுக்கு வெளியே நிற்பவை. அவற்றில் விதிகளும் செலவும் குறைவு, போட்டியும் அதிகம். ரத்தத்துக்குள் போகும் துணியில் போட்டி குறைவு. ஆனால் நெய்பவர், சுத்தம் செய்பவர், பரிசோதிப்பவர், மருத்துவர் நான்கு பேரும் ஒரே கூரைக்குக் கீழ் வராமல் அது நகராது. டிபேக்கிக்கும் தனியாகத் தையல் இயந்திரம் போதவில்லை. தையல் இல்லாத பின்னல் குழாய்க்கு அவர் பிலடெல்பியாவின் ஜவுளி ஆராய்ச்சியாளர் தாமஸ் எட்மனிடம் போக வேண்டியிருந்தது. கோவையில் ஜவுளி அமைச்சகம் மருத்துவ ஜவுளிக்கான உயர் மையமாக அறிவித்த 'சிட்ரா' ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இதய அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனைகளும் அதே நகரத்தில் உள்ளன. சோமனூரிலிருந்து ரயில் ஏறினால் கோவை போய்ச் சேர ஒரு மணி நேரம் கூட ஆகாது.